ஒரு சென்டிமீட்டர் கை

ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் உங்க பக்கமா இழுத்துக்கறீங்களா? தப்பா நெனைக்காதீங்க. வண்டி ஒடிக்கறப்பெல்லாம் வந்து என்ற பெட்டிய இடிக்குது. மேல கம்பியில வைக்கலாந்தான், கண்டக்டரும் அதையேதான் சொல்லிட்டுப் போனாரு. முடியாதுங்க. கோயமுத்தூர்ல ஏறுனதுல இருந்து மடியிலதான் வெச்சிருக்கறேன், பெங்களூர் வரைக்கும் மடியிலதான். கால் மரத்துப் போச்சு, போனாப் போகுது.

உள்ள என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? ரெண்டு தடவ பாத்தீங்களே, பாத்தாக் கேட்ட மாதிரிதானுங்க.

அஞ்சு ஆளுக இருக்காங்க உள்ள. ஒருத்தனும் என்ற கட்டைவிரல் ஒசரம் இருக்க மாட்டான். பிளாஸ்டிக். பொம்மைன்னே சொல்லுங்க, பரவால்ல. ஒருத்தன் ஓநாய்த் தலை, ஒருத்தன் குள்ளன், ஒருத்திக்கு முதுகுல ரெக்கை. நாம பாக்காத ஏதோ ஒரு உலகத்து ஆளுக. ஒரு மேசை மேல தெர்மாகோல்ல மலை, இடிஞ்ச கோட்டையெல்லாம் செஞ்சு வெச்சு, இந்தப் பக்கம் அஞ்சு பேரு, அந்தப் பக்கம் அஞ்சு பேரு. டேப் வெச்சு அளந்து நகத்தணும், தாயக்கட்டை உருட்டி அடிச்சுக்கணும். பெரிய பெரிய ஆளுக ஆடறாங்க. எங்க ஊர்ல ஞாயித்துக்கெழமை ஆர்.எஸ்.புரத்துல ஒரு கம்ப்யூட்டர் கடை மாடியில கூடுவோம். சதாசிவம் சாருன்னு ஒருத்தரு, ரிட்டயர்டு பேங்க் மேனேஜரு, அவருதான் எங்களுக்கெல்லாம் தலை.

மணி என்னங்க? பத்தேகாலா. செரி, செரி.

நாளைக்குப் பெங்களூர்ல போட்டிங்க. ஆட்டம் இல்ல, செய்யற போட்டி. முப்பது பேரு போட்டோ அனுப்பி, அதுல ஆறு பேரைக் கூப்பிட்டிருக்காங்க. அதுல நான் ஒருத்தன். இன்னைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குள்ள அஞ்சு பொம்மையவும், ஒரு பாரத்தையும் கொண்டுபோய்க் குடுக்கணும். பாரம் இந்தா சட்டைப் பையில இருக்குது. முக்கால்வாசி எழுதிட்டேன்.

நான் பல்செட் செய்யற லேப்ல வேலைங்க. இருபத்தி ரெண்டு வருசம். டாக்டரு அச்செடுத்து அனுப்புவாரு, நாங்க பல்லைச் செஞ்சு ஈறு வெச்சுத் திருப்பி அனுப்புவோம். உங்களுக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்குது, சும்மா சொன்னேன். அந்தக் கைதானுங்க இதுக்கும். கடையில விக்கற பொம்மைய அப்படியே ஒட்டி வெச்சா எல்லாவனும் ஒரே மாதிரி இருப்பான். நான் என்ன செய்வேன்னா, இவன் தலையை வெட்டி அவன் ஒடம்புல வைப்பேன். குதிரைக்காரன் காலை எடுத்து மந்திரவாதிக்கு மாட்டுவேன். நடுவுல சந்து தெரிஞ்சா ஈறுக்குப் போடற மாவக் குழைச்சு அடைச்சு, அரத்துல ராவிட்டா எங்க ஒட்டுனதுன்னு செஞ்சவனுக்கே தெரியாது. மிச்சம் விழுகற கை, கால், கத்தி, தலையெல்லாம் ஒரு டப்பாவுல சேத்து வெப்பேன். எட்டு வருசத்து டப்பா. ஊட்டுல அதைத் தொட யாருக்கும் அனுமதி கெடையாது.

பெயிண்டா? பெயிண்டும் நாந்தானுங்க.

கண்ணு மட்டும் ஊட்டுக்காரி வைப்பா. கோகிலாமணின்னு பேரு. அவ ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் போடறவ, கல்யாண ஆர்டரா வந்து குமிஞ்சு கெடக்கும். அவகிட்ட லென்ஸ் வெச்ச லைட் ஒண்ணு இருக்குது, அதனால கண்ணு அவ வெச்சா சௌகரியம். கண்ணு வைக்கறப்பவே மூஞ்சியவும் முடிச்சிருவா, எதுக்கு ரெண்டு தடவ எடுத்துட்டுன்னு. துணி மடிப்பு அவதான், துணின்னா அவளுக்குத் தெரியும் பாருங்க. அப்புறம் கவசத்துல துரு, தோல் பெல்ட்டு, மயிரு, நகம், அதெல்லாம். மத்தது பூராவும் நானு. பெயிண்டுக்கு முன்னாடி அடியில கறுப்பு ஸ்ப்ரே அடிக்கறது நாந்தான். அது லேசுப்பட்ட வேலைன்னு நெனைச்சுறாதீங்க, காத்துல ஈரம் இருந்தா மாவு பூத்த மாதிரி ஆயிரும்.

மாடியில எனக்குக் ‘கண்ணு ரங்கராசு’ன்னு பேரு. சதாசிவம் சாரு வெச்சது. ‘யோவ், அந்தக் குள்ளன் என்னைப் பாத்து மொறைக்கறான்யா’ன்னு தோள்ல கை போட்டுச் சொல்லுவாரு. நான் ஒண்ணும் மறுத்துப் பேசறதில்ல. சந்தோசமாச் சொல்றவரை எப்படிங்க மறுத்துப் பேசறது?

மணி பத்தரை இருக்குமுங்களா? இருபதுதானா. உங்க வாட்ச் நல்லா ஓடுதில்ல?

அவளும் வர்றதா இருந்துச்சுங்க. இந்த ஜன்னல் சீட்டு, நீங்க ஒக்காந்திருக்கறது, அவளுக்குன்னுதான் போட்டது. அவ வரலைன்னதும் உங்களுக்குக் கெடைச்சுது. அதுக்காக நெளியாதீங்க, உங்க மேல என்ன தப்பு.

சொல்றனுங்க. நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

இந்த ஆட்டத்துல ஒரு விதி. பொம்மை கையில என்ன இருக்குதோ அதுதான் ஆட்டத்துல அவனுக்கு இருக்குது. ‘என் ஆளுகிட்ட வில்லு இருக்குது’ன்னு பேப்பர்ல எழுதி வெச்சாச் செல்லாது. பொம்மையில தெரியணும். தெரிஞ்சா உண்டு, தெரியலைன்னா இல்ல. அவ்வளவுதான். இப்ப இந்த அஞ்சு பேர்ல தலைவன் இருக்கறானே, அவன் கையத் தூக்கிக் காட்டுனா எதிரி ஒரு சுத்து நகரப்படாது. அதுக்கு வெறுங்கை வேணும். விரிச்ச கை. எட்டு வருசத்து டப்பாவுல எத்தனை கை இருக்கும்னு நெனைக்கறீங்க? எரநூறு இருக்கும். எரநூறும் எதையோ புடிச்சிட்டு இருக்குது. கத்தி, கோடாலி, ஈட்டி, அறுத்த தலை. விரிச்ச கை ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு, ஒரு பழைய செட்டுல. அது தொலைஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. தலைவன் இல்லாமத்தான் மத்த நாலு பேரு போட்டோவ அனுப்புனேன். தேர்வாயிருச்சு. பதினஞ்சு நாள்ல தலைவன் வேணும். கை இல்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க?

அப்பத்தானுங்க, அவ நூல்கண்டு அடுக்கற ஷெல்புல கத்திரி தேடிட்டு இருந்தேன். பின்னாடி ஒரு பொம்மை நிக்குது.

நான் செஞ்சதில்ல. என்ற டப்பாவுல இருந்து செஞ்சது, ஆனா நான் செஞ்சதில்ல. பூதத்தோட கால் ரெண்டு, அதுக்கு மேல பாவாடை மாதிரி எதையோ வளைச்சு, அதுக்கு மேல ரெக்கைக்காரியோட ஒடம்பு, ரெக்கையை வெட்டிட்டு. கொண்டை. இடுப்புல ஒரு பையி. ஒட்டு சுத்தமே இல்லீங்க, இடுப்புல சந்து தெரியுது. ஆனா பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. பச்சை ஜாக்கெட், கையோரத்துல மஞ்சளா ஒரு பூ வேலை. கடுகுல பாதி இருக்கும் ஒவ்வொரு பூவும். அந்தப் பொம்மை ஒரு கையத் தூக்கிட்டு நிக்குது. விரிச்ச கை. மணிக்கட்டுல பச்சையா மூணு வளையல்.

என்ற கைங்க. ரெண்டு வருசமா நான் தேடுன கை.

வெட்டிட்டேன். தோள்பட்டையோட, சுத்தமா. ஒரு சென்டிமீட்டர் இருக்கும் மொத்தமே. மீதிய எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சுட்டேன். எறியலீங்க, அதைக் கவனிச்சுக்கங்க. தலைவனுக்கு ஒட்டி, அன்னைக்கே கறுப்பு ஸ்ப்ரேயும் அடிச்சுட்டேன். ஆமாங்க, வளையல் மேலயுந்தான். பின்ன? மீசை வெச்ச தலைவன் வளையலோட நிப்பானா?

அவ பாத்துட்டா. என்னமோ கத்துவான்னு நெனைச்சேன். கத்தல. ஒத்தைக் கையோட நின்ன பொம்மையக் கொஞ்ச நேரம் கையில வெச்சுப் பாத்தா. ‘கேட்டிருக்கலாமில்லைங்க’ன்னா. அவ்வளவுதான். அதும் சத்தமாச் சொல்லல.

நான் சொன்னேன், அது என்ற டப்பாவுல இருந்து விழுந்த கைதானேன்னு. பெருக்கறப்பக் கட்டிலுக்கடியில கெடைச்சுதாம். கெடைச்சப்பவே குடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்லையே? அப்புறம், இது என்ன ஆளு, ஆட்டத்துல இதுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். ‘பஸ்ஸ நிறுத்தறவ’ன்னா. பஸ்ஸ! டிராகன் பறக்கற ஊர்ல பஸ் எங்கிருந்து வந்துச்சு? சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாதுதான்.

திருப்பி ஒட்டிக் குடுத்திரலாம்னா அதுவும் முடியாதுங்க. இது சாதாரணப் பசை இல்ல. பிளாஸ்டிக்கையே உருக்கி ரெண்டையும் ஒண்ணாக்கற பசை. காஞ்சதுக்கப்புறம் பிரிக்கணும்னா ஒடைக்கத்தான் வேணும். வேற கை ஆர்டர் போட்டுத் தர்றேன், ஒண்ணுக்கு நாலாத் தர்றேன்னேன். ‘வேண்டாங்க’ன்னுட்டா.

பன்னெண்டு நாளாச்சு. பேச்சில்ல. சோறு போடறா, லேப்புக்கு டப்பா கட்டிக் குடுக்கறா, பேச்சு மட்டும் இல்ல. வேலைய நிறுத்தல, அதையும் சொல்லணும். தலைவனை எடுத்துட்டுப் போனா, மத்தியானத்துல ஒக்காந்து அடிச்சா. நான் எட்டிப் பாத்தா லைட்டை அணைச்சிருவா. இன்னைக்குக் காலையில பெட்டியவும் அவளேதான் பஞ்சு வெச்சுக் கட்டிக் குடுத்தா. ‘மேல அடிச்ச வார்னிஷ் காயல. மத்தியானம் வரைக்கும் தெறக்காதீங்க’ன்னா. பன்னெண்டு நாள்ல அதுதான் முழுசா ஒரு பேச்சு.

அதனாலதான் மணி கேக்கறேன்.

ஐயோ, பாருங்க, பாருங்க! அந்தப் புளியமரத்தடியில ஒரு அம்மா கை காட்டுச்சு. கையில கொழந்தை வேற. நிக்கல பாத்தீங்களா? ஏனுங் கண்டக்டரு, ஒரு அம்மா கை காட்டுதுங்களே! பாயிண்டு டு பாயிண்டுங்களா. செரிங்க. செரி, போங்க. கை காட்டுனா நின்னா என்னங்க கொறைஞ்சு போகுது? நான் வேணும்னா எந்திரிச்சு எடம் விட்டிருப்பேன். இல்ல, பெட்டி இருக்குது, எந்திரிக்க முடியாது. இருந்தாலும்.

எங்க ஊடு சூலூர் தாண்டி ரோட்டோரம். அவ துணி வாங்க டவுனுக்குப் போகணும்னா அங்கதான் நிக்கோணும். அரை மணி நேரம், முக்கா மணி நேரம் கை காட்டிட்டு நிப்பா. வந்து சொல்லுவா, இன்னைக்கு நாலு வண்டி நிக்காமப் போச்சுங்கன்னு. நான் டிவியப் பாத்துட்டே ‘ஓகோ’ம்பேன். இப்ப எதுக்கு அது ஞாவகம் வருதுன்னு தெரியல.

செரி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நாளைக்கு நடுவருக வந்து கேப்பாங்களாம், இதை எப்படிச் செஞ்சீங்கன்னு. வெட்டி ஒட்டறதை எத்தனை மணி நேரம் வேணும்னாலும் சொல்லுவேன். கண்ணு எப்படி வெச்சீங்கன்னு கேட்டா? நீங்க நடுவரு. கேளுங்க. சும்மா கேளுங்க.

ஆ, அதுங்களா, மொதல்ல வெள்ளையில ஒரு கோடு. அதுக்கு மேல கறுப்புல புள்ளி. இல்ல, புள்ளி இல்ல, நிமுந்த கோடு. அப்புறம் மேலயும் கீழயும் தோல் நிறத்தை வெச்சுக் கோட்டைக் கண்ணாக்கறது. இல்லீன்னா மொதல்ல கறுப்பா? எட்டு வருசமாப் பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கறனுங்க. பாத்திருக்கறேன்னுதான் நெனைச்சேன். நேத்துக் கேட்டேன் அவகிட்ட, எது மொதல்லன்னு. ஊசியில நூல் கோத்துட்டு இருந்தா, தலை தூக்கல.

பாரத்துல ரெண்டு கோடு போட்டிருக்காங்க பாருங்க. ‘உருவாக்கியவர்.’ அதுக்கு நேரா என்ற பேரு எழுதிட்டேன். கீழ ‘வண்ணம் தீட்டியவர்.’ அது மட்டுந்தான் எழுதல. எதுக்குங்க ரெண்டு கோடு? ஒரு ஆளு செய்யறதுக்கு ஒரு கோடு போதாதா? எழுதிரலாம்னுதான் நேத்து ஒக்காந்தேன், பேனா மக்கர் பண்ணுச்சு. அப்புறம் லேப்ல இருந்து போன் வந்துச்சு. அப்படியே நின்னு போச்சு.

தொப்பூரு வந்திருச்சுங்க. புடிச்சுக்கங்க, மலை ஏத்தம், வளைச்சு வளைச்சு ஓட்டுவான். நான் பெட்டியப் புடிச்சுக்கறேன், நீங்க என்னையப் புடிச்சுக்கங்க, ஹா. பேசாம வான்னு சொல்றீங்களா? நானும் பேசல. பேசாம இருந்தாத்தான் ஒரு மாதிரியா இருக்குது.

நிறுத்திட்டான். சாப்பாட்டுக் கடை. நீங்க எறங்கலையா? எனக்கும் பசிக்கல. மணி? பன்னெண்டு பத்து. மத்தியானந்தானுங்க அது! தெறக்கலாம். ஃபேன் இல்ல, வண்டி ஆடல. அந்த ஜன்னலை மட்டும் மூடிக்கங்க, தூசி வரும். கை ஈரம் இல்லாமத் தொடைச்சுக்கறேன்.

இந்தாங்க, குள்ளன். மொறைக்கறானா இல்லையா? இது ரெக்கைக்காரி. ஓநாயி. இவன் ஈட்டிக்காரன், கால்ல பாருங்க, சேறு. நெசச் சேறு மாதிரியே இருக்குதா? இனித் தலைவன். இருங்க, பஞ்சு சிக்கிட்டு இருக்குது.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. ஒடையல. நல்லாத்தான் இருக்கறான். மீசைய ஒவ்வொரு மயிரா வெச்சிருக்கறா. கண்ணுல கோவம் இல்ல, கவலை இருக்குது, தலைவனுக்கு இருக்கற கவலை. எத்தனையோ செஞ்சிருக்கறோம், இந்த மாதிரி ஒரு மூஞ்சி வந்ததில்லைங்க.

அந்தக் கையப் பாருங்க. மணிக்கட்டைப் பாருங்க. என்ன தெரியுது உங்களுக்கு? சொல்லுங்க, எனக்குத்தான் கண்ணு கெட்டுப் போச்சோ என்னவோ.

வளையலுங்களா?

எத்தனை?

மூணு. ஆமாங்க, மூணு. நான் கறுப்படிச்சு மூடுன எடத்துல, அதே பச்சையில மூணு வளையல். மீசை வெச்ச தலைவன் கையில.

கோவம் போயிருச்சு போல! வெளையாட்டுக்குப் பண்ணியிருப்பா, அவளுக்குக் கொஞ்சம் குறும்புண்டு. இல்லீங்களா? ஏன் அப்படிப் பாக்கறீங்க? இருங்க, போனே போட்டுக் கேட்டுர்றேன்.

அலோ. கோகிலா. ஆமா, தொப்பூரு தாண்டி. சாப்பிடல, சாப்பிடறேன். தெறந்துட்டேன். பாத்தேன். மூஞ்சி அருமையா இருக்குது. இல்ல, அந்த வளையலு. இல்ல, நடுவருக பாத்தா. ம். ம். செரி. இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. வெச்சிர்றேன்.

என்ன சொன்னாளா?

‘கை என்னோடதுங்க, அதனால வளையலும் என்னோடது. வேண்டாம்னா அழிச்சுக்கங்க. உங்களுக்குத்தான் பெயிண்ட் அடிக்கத் தெரியுமே’ன்னா.

அழிக்கலாந்தான். கறுப்பு டப்பி பையில இருக்குது, பிரஷும் இருக்குது. வண்டி நிக்குது. ஒரு நிமிசத்து வேலை. நீங்க இந்தப் பக்கம் வெளிச்சத்தை மறைக்காம ஒக்காருங்க. இல்ல, கை தவறாதுங்க. இருபத்தி ரெண்டு வருசமாப் பல்லு ராவுற கை, எனக்கு எங்க தவறும்.

பிரஷைத் திருப்பிப் பையில போட்டுட்டேனேன்னு பாக்கறீங்களா?

அழிக்க எனக்கு நல்லாவே வருமுங்க. அதைத்தானே அன்னைக்குச் செஞ்சேன். கடுகுல பாதி பூவு. மூணு வளையல். ஸ்ப்ரேய ஒரு இழுப்பு இழுத்தேன், எல்லாம் போச்சு. அவ எத்தனை நாள் ஒக்காந்து வெச்சாளோ. எனக்குத் தெரியாம எதுக்கு வெச்சான்னு இத்தனை நேரம் நான் யோசிக்கவே இல்லைங்க. தெரிஞ்சா நான் சிரிப்பேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. சிரிச்சேனே!

விதி அதுதானுங்களே. பொம்மையில தெரிஞ்சா உண்டு. எனக்கா தெரியாது? எட்டு வருசமா ஊருக்கெல்லாம் சொல்றவன்.

வண்டி எடுக்கறான் போல. ஆரன் அடிக்கறான் பாருங்க. உள்ள வெச்சிர்றேன். கைய மேல பாத்தாப்ல வெக்கணும், பஞ்சு அமுக்கப்படாது.

பேனா இருக்குதுங்களா உங்ககிட்ட? குடுங்க. இல்ல, நீங்களே எழுதுங்க, வண்டி ஆடுது. ரெண்டாவது கோட்டுல. கோகிலாமணி. கோ, கி, லா, மணி. சதாசிவம் சாரு பாத்தா என்ன சொல்லுவாரோ. என்ன வேணா சொல்லட்டும். அந்த மாடியில எனக்கு வேற பேரு வெச்சுக்குவாங்க.

இனிசியலா?

அவங்க அப்பா பேரு தெய்வசிகாமணி, தெ. கல்யாணத்துக்கப்புறம் என்ற பேருதான், ரேஷன் கார்டுல ர. கோகிலாமணின்னு இருக்கும். ர.ன்னே போட்டு...

எழுதாதீங்க! எழுதிட்டீங்களா? இல்லீல்ல? நல்லது. பேனாவை அப்படியே புடிச்சிட்டு இருங்க. ஒரு நிமிசம். மறுபடியும் போன் போடறேன். எதைப் போடறதுன்னு அவகிட்டக் கேட்டுட்டு எழுதலாம்.